குப்பியின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. ரப்பர் பால்வெட்டு வேலை. வெளுப்பிற்கு எழும்பினால் இரண்டு முட்டும் மடங்க மாட்டேன் என்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு சின்னக் குப்பி தந்திருக்கிறார். பெப்டைடாம்; மேலே பி.பி.சி.-157 என்று போட்டிருக்கிறது. உள்ளே வெள்ளைப் பொடி. அதில் தண்ணீர் கலந்து வயிற்றுத் தோலில் ஊசி போட்டால் மூட்டு சரியாகும், முதுமையும் தள்ளிப்போகும், எல்லாம் உடம்பில் இயற்கையாக உள்ளதுதான் என்கிறார். மனைவி கொலாஜன் பொடி கலக்கிக் குடிக்கிறாள். பெப்டைடு என்றால் என்ன? இந்த ஊசியைப் போடலாமா?
– வாசகர், காரக்கோணம்

பதில்: போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் நிறுத்திவிட்டு, குப்பியோடு போய் ஒரு மருத்துவரைப் பாருங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் குப்பிகள் இப்போது பல வீடுகளுக்கு வருகின்றன.

நாம் தின்கிற மீனிலும் பயறிலும் உள்ள புரதம், அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் மாலையாகக் கோத்தது. அந்த மாலை சிறியதாக இருந்தால் பெப்டைடு. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள், இன்சுலினில் 51. உடம்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குச் செய்தி அனுப்ப இவையும் பயன்படுகின்றன. வாய்வழி கொடுத்தால் வயிறு அவற்றைச் செரித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் ஊசி. ஆக, பெப்டைடு என்ற பெயரைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 1922-இல் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்துவருவது பெப்டைடு மருந்துதான்.

'இயற்கையானது' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதற்கு நல்ல உதாரணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, கேரளத்துத் தவளை ஒன்றின் தோலில் சுரக்கும் பெப்டைடுகளை ஆராய்ந்தன. 32 பெப்டைடுகளைச் சோதித்ததில் 4 மட்டும் ஃப்ளூ வைரஸை அழித்தன. அந்த நான்கையும் மனித ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று, அந்த அணுக்களுக்கே நஞ்சாக இருந்தன! எஞ்சிய ஒன்றுக்குக் கேரளத்துச் சுருள்வாளான உருமியை நினைத்து 'உருமின்' என்று பெயர் வைத்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், உருமின் ஃப்ளூவிலிருந்து எலிகளைக் காப்பாற்றியது; அதுவும் எச்1 வகை ஃப்ளூவிலிருந்து மட்டும். நான்கும் இயற்கை தந்தவைதாம். எது காக்கும், எது கெடுக்கும் என்று சோதனைதான் பிரித்துக்காட்டியது. அந்த ஆய்வாளர்கள் யாரும் உருமினைக் குப்பியில் அடைத்து, காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று விற்கவில்லை. எலியில் வென்றது மனிதரில் வெல்ல இன்னும் நெடுந்தூரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் குப்பியில் இருப்பது அந்தத் தூரத்தைக் கடக்காத பொருள். பி.பி.சி.-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 1990-களிலிருந்து ஆராய்ந்துவருகிறார்கள். எலிகளின் தசைநாரும் குடற்புண்ணும் சீக்கிரம் ஆறியதாக நிறையக் கட்டுரைகள் உண்டு. மனிதரில் நடந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க சிறு ஆய்வுகள். எலிகளில் இது புதிய ரத்தக்குழாய்களை வளரச் செய்வதாகச் சொல்கிறார்கள். காயம் ஆற அது உதவலாம். உடம்பில் தெரியாமல் ஒரு கட்டி இருந்தால் அதற்கும் அதே உதவி கிடைத்துவிடுமோ என்ற கவலை நியாயமானது. 2022-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விளையாட்டு வீரர்களுக்கு இதைத் தடைசெய்தது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

குப்பியின் மேல் சின்ன எழுத்தில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட குப்பிகளில் பெரும்பாலும் இருக்கும். விற்பவர் மருந்துச் சட்டத்திலிருந்து தப்பிக்க எழுதும் வரி அது. உற்பத்தி உரிம எண் இல்லாத பொடியில் சொன்ன பெப்டைடுதான் இருக்கிறதா, சொன்ன அளவு இருக்கிறதா, கிருமிநஞ்சு கலந்திருக்கிறதா என்று உங்களாலும் மருமகனாலும் அறிய முடியாது. அவர் அன்பினால் கொண்டுவந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதுமையைத் தள்ளிப்போடும் என்பது பற்றி: மனித ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்பட்ட பெப்டைடு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. நிரூபணம் எப்படி இருக்கும் என்பதற்கு செமாகுளுடைடு என்ற பெப்டைடு மருந்தைப் பாருங்கள். அதிக உடல் எடையும் இதயநோயும் உள்ள, சர்க்கரைநோய் இல்லாத 17,604 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு வெற்று ஊசியும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தமாக மருந்துப் பிரிவில் 20% குறைந்தன. 2023-இல் முடிவு வெளியானது. அந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. இனி யாராவது ஒரு பெப்டைடைப் புகழ்ந்தால், மனிதரில் சோதித்தார்களா, எத்தனை பேரில், வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 2009 முதல் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவுசெய்தாக வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

உங்கள் மனைவி குடிக்கும் கொலாஜன் வேறு கதை. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. குடிக்கும் கொலாஜன் பெரும்பாலும் அமினோ அமிலமாகச் செரித்துவிடும். சில சிறு துண்டுகள் ரத்தத்தில் சேர்வதும் உண்மை. தோலுக்கும் மூட்டுக்கும் சிறிது பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பலவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனங்களே பணம் கொடுத்திருக்கின்றன. சிறுநீரகக் கோளாறோ மீன் ஒவ்வாமையோ இல்லையென்றால் பெரிய கெடுதல் இல்லை. அந்தப் பணத்துக்கு மீனும் முட்டையும் நெல்லிக்காயும் வாங்கலாம் என்பது என் கருத்து.

முட்டுவலிக்கு உங்கள் ஊரிலுள்ள சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தேய்மானமா, வாதமா, யூரிக் அமிலமா என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையும் பொருந்தாது. தேய்மானம் என்றால் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும்தான் அதிகம் உதவும். பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். போகும்போது குப்பியையும் ஊசிகளையும் எடுத்துச் சென்று அங்கேயே கொடுத்துவிடுங்கள். குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையில் குத்தும்.