ஆகாயத்தில் ஒரு நேர்கோடு

மாடல் விமான கிளப்பில் சாகசப் பறத்தல் என்று பேச்செடுத்தாலே பாதிப் பேர் ரிமோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அவர்கள் மனதில் ஓடுவது, மூக்கை வானுக்கு நீட்டி ப்ரொப்பெல்லரிலேயே தொங்கிக்கொண்டு, வாலால் புல்லைத் தடவிக் காட்டும் விமானம். அது ‘த்ரீ-டி’. இறக்கையின் தூக்குவிசை அறுந்துபோன நிலையில், எஞ்சின் இழுவையை நம்பிச் செய்யும் வித்தை. துல்லியச் சாகசத்துக்கும் அதற்கும் உறவு கொஞ்சம்தான். இங்கே நடுவர் பார்ப்பது கோடு நேராக இருக்கிறதா, வட்டம் வட்டமாக இருக்கிறதா, ஏறும் வளைவும் இறங்கும் வளைவும் ஒரே அளவா என்பதைத்தான். துணிச்சலுக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

அடுத்த தயக்கம் பணம். “சொத்தை விற்றுத்தான் அந்த விமானம் வாங்க வேண்டும்” என்பார்கள். உச்சியில் அது பொய்யில்லை. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. நடத்தும் எஃப்3ஏ உலகப் போட்டியில் இறக்கை 2 மீட்டர், நீளம் 2 மீட்டர், எடை 5 கிலோ என்று வரம்பு உண்டு. அந்த வரம்பின் கடைசி கிராம் வரை செதுக்கிய விமானங்கள்தான் அங்கே வருகின்றன. ஆனால் கிளப் உறுப்பினர் நுழைவது அந்த வாசல் வழியாக அல்ல. அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐமாக்’ அமைப்பில் ஐந்து படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியான ‘பேசிக்’ பிரிவில், நிஜ சாகச விமானத்தின் அச்சாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும், தாழ்ந்த இறக்கை வைத்த சாதாரண விமானம் போதும்.

ரேடியோவும் உயர்ந்த ரகமாக இருக்க வேண்டியதில்லை. 1960-இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த முதல் ரேடியோ கட்டுப்பாட்டு உலகப் போட்டியை வென்றவர் அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி. விமானத்தின் பெயர் ஓரியன். அந்தக் காலத்து ‘ரீட்’ ரேடியோவில் ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம் அசைவு என்ற வசதியே இல்லை. சுவிட்சைத் தட்டினால் முழு அசைவு, விட்டால் பழைய நிலை. அடுத்தடுத்துத் தட்டித் தட்டித்தான் அளவு கொண்டுவர வேண்டும். இன்று ஃபோம் விமானத்தோடு சேர்த்து விற்கும் மலிவான ரேடியோகூட அதைவிட நுணுக்கமானது.

“லூப் அடிக்க எலிவேட்டரை இழுத்துப் பிடித்தால் போதாதா?” மூக்கை உயர்த்தும் அந்த அசைவைப் பிடித்தால் விமானம் செங்குத்தாகச் சுற்றி வரும், மறுப்பில்லை. வட்டம்தான் வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் நுழையும் விமானம் 15 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட வேண்டுமானால், 30 மீட்டர் மேலே ஏற வேண்டும். எஞ்சின் உதவாவிட்டால், காற்றின் இழுவையைக் கணக்கில் எடுக்காமலே, உச்சியில் மிஞ்சும் வேகம் நொடிக்கு சுமார் 6 மீட்டர். அந்த ஆரத்தில் வட்டம் உடையாமல் இருக்க உச்சியில் குறைந்தது 12 மீட்டர் வேகம் வேண்டும். ஆகவே ஏறும்போது த்ராட்டிலை ஏற்றி, உச்சியைத் தாண்டி இறங்கும்போது குறைத்து, எலிவேட்டரை நுழைவில் அழுத்தமாகவும் உச்சியில் தளர்த்தியும் பிடிக்கிறார்கள். இதெல்லாம் ஆறேழு நொடிக்குள் நடக்கிறது.

போதாததற்குக் காற்று. பக்கவாட்டில் நொடிக்கு 3 மீட்டர் காற்று அடித்தாலும், லூப் முடிவதற்குள் விமானம் 18 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், வட்டம் சுருளாகிவிடும். காற்று இல்லாத நாளுக்குக் காத்திருப்பவர்கள் இதைத்தான் காரணம் சொல்கிறார்கள். விதியோ இந்த இடத்தில் விமானியின் பக்கம். விமானத்தின் மூக்கு சற்றே காற்றை நோக்கித் திரும்பியிருக்கலாம். பாதை பிசகாமல் இருந்தால் சரி. அந்தத் திருப்பத்தைக் கொடுப்பது வாலில் உள்ள சுக்கான். பல கிளப்களில் தரையில் ஓடவிட மட்டுமே பயன்படும் அந்த இடதுகை அசைவு, இந்த விளையாட்டில்தான் கைகொடுக்கிறது. மெதுவான ரோலிலும் அப்படியே: இறக்கை செங்குத்தாக நிற்கும் கணத்தில் மூக்கைத் தாங்குவது சுக்கான், தலைகீழாகும் கணத்தில் எலிவேட்டரைச் சற்று முன்னே தள்ள வேண்டும்.

“இதில் விமானம் அதிகம் உடையும்” என்ற பயமும் உண்டு. உடையவே உடையாது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் எஃப்3ஏ-யில் பறப்பது விமானியிடமிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, மையத்திலிருந்து இருபுறமும் 60 பாகைக்குள். அந்தத் தொலைவில் இது ஏறத்தாழ 520 மீட்டர் அகலமான வெளி. உயர்ந்த கோட்டில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. தலைக்கு மேல் சுற்றுகிற ஞாயிற்றுக்கிழமைப் பறத்தலில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

நடுவர்கள் மனம்போல் மதிப்பெண் போடுகிறார்கள் என்ற புகார் எல்லா ஊரிலும் கேட்பது. ஒவ்வொரு சாகசமும் 10-இல் தொடங்குகிறது. பிழை கண்டால் கழிவு. ஐமாக் முறையில் 5 பாகை சாய்ந்தால் அரை மதிப்பெண் போகும். மிச்சத்தை அந்தச் சாகசத்தின் கடினத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்குகிறார்கள். எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஸ்பெயின் விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி உருவாக்கிய குறியீட்டில் முழுக் கோடு என்றால் நேர்ப் பறத்தல், விட்டு விட்டு வரும் கோடு என்றால் தலைகீழ். ஒவ்வொரு சாகசத்தின் படமும் புள்ளியில் தொடங்கி குறுக்குக் கோட்டில் முடியும்.

இந்தக் குறியீட்டில் வரைந்த தாளை விமானியே பார்த்துக்கொண்டு பறக்க முடியாது, கண் வானத்தில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் ‘காலர்’ ஒருவர் நின்று அடுத்த சாகசத்தைச் சத்தமாக வாசிக்கிறார். புதிதாக வருபவருக்குப் பல கிளப்களில் முதலில் கிடைக்கும் வேலை அதுதான். விமானம் வாங்காமலே அரெஸ்டி தாளைப் படிக்கப் பழகிவிடலாம்.