ஐப்பசி மழை: மருந்துக்கு முன் ஆட்டின் கண்ணைப் பாருங்கள்

புரட்டாசி முடிந்து தீபாவளிக்கு ஆடு கேட்டு வியாபாரிகள் வரும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. பெரியபாளையம் பக்கம் ஆரணியாற்றங்கரையிலும் ஏரி ஓரங்களிலும் மேயும் வெள்ளாடுகளுக்கு மழை ஓய்ந்து தரை காயும் வரை குடற்புழுத் தொல்லைதான். இந்த வாரமே ஒவ்வொரு ஆட்டையும் பிடித்துக் கண்ணைப் பாருங்கள்.

நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தியபடி கீழ் இமையை இழுத்தால் உள்சதை தெரியும். சிவந்திருந்தால் இப்போதைக்கு மருந்து வேண்டாம். வெளிறிய ரோஜா நிறமென்றால் மருந்து கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறை இதையே ஐந்து நிறப் படிகளாகப் பிரிக்கிறது.

இமை வெளுப்பது ரத்தம் குறைவதால். அந்த ரத்தம் போவது ஹீமாங்கஸ் என்ற இரைப்பைப் புழுவால். ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு விழும் முட்டை பொரித்து, ஒரு வாரத்துக்குள் ஈரப் புல்லில் ஏறிவிடும். இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்காது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலைகுனிந்து மேய்ந்த ஆட்டுக்கு மாலையில் கீழ்த்தாடை பை கட்டித் தொங்கினால், ரத்தம் ரொம்பவே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. பார்க்கப் பயமாக இருக்கும், கெடுதல் அவ்வளவு இல்லை. சின்னக் குட்டி ரத்தக் கழிச்சல் போனால் ரத்தக் கழிச்சல் நோயாக (காக்சிடியா) இருக்கலாம்; பூச்சி மருந்து அதற்குக் கேட்காது, வேறு மருந்து. கழிச்சலோடு காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயைச் சந்தேகித்து அந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள்.

மருந்தை எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். 2.5 சதவீத அல்பெண்டசோலில் மில்லிக்கு 25 மி.கி. இருக்கும், கிலோவுக்கு 10 மி.கி. என்று டாக்டர் எழுதினால் 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. செம்மறிக்குப் போட்ட அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது, அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். ஆனாலும் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். லெவமிசோல் கொஞ்சம் மிஞ்சினாலும் விஷமாகும். சினைபிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. புகட்டும்போது தலையை ரொம்பத் தூக்கினால் புரையேறும். விற்கப்போகும் ஆடென்றால், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கறிக்கு ஆகாது என்று பாட்டிலில் பார்த்துவிட்டு வியாபாரியிடம் பேசுங்கள்.

மந்தை மொத்தத்துக்கும் மாதாமாதம் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். மருந்துக்குச் சாகாத புழுக்கள் தமிழ்நாட்டு மந்தைகளிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. புதிதாக வாங்கிய ஆட்டைப் புழுக்கைப் பரிசோதனை முடியும்வரை பட்டியில் சேர்க்காதீர்கள்.

சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் வருவதற்குள் விடியலிலேயே ஆட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். புல் நனைந்திருக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. வீட்டில் இருப்பவர் பனி காய்ந்தபின் ஓட்டட்டும். அதுவரை அகத்தி, வேப்பந்தழையை உயரக் கட்டிவிடுங்கள். நத்தை ஊரும் ஏரி விளிம்பில் தட்டைப்புழு உண்டு, அங்கே மேயவிட வேண்டாம்.

மருந்து கொடுத்த பத்து, பதினான்கு நாளில் இமையைத் திரும்பப் பாருங்கள். நிறம் ஏறவில்லையென்றால் அதே பாட்டிலை மறுபடி ஊற்றாமல், புதுப் புழுக்கையை மூடியுள்ள டப்பாவில் எடுத்து அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். எழுந்திருக்க முடியாத ஆட்டுக்குக் கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழையுங்கள்.