ஒரு வயர், இரண்டு திரை

கேள்வி: சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் சில நாள் அங்கே போய் வருவேன். மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் லேப்டாப்பின் சின்னத் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் வலிக்கிறது. அதனால் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கினேன். பழைய 24 அங்குல மானிட்டர் ஒன்றும் வீட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே வயரில் மாட்டலாம் என்று யாரோ சொன்னதால் ஆன்லைனில் 150 ரிங்கிட்டுக்கு ஒரு சிறிய டாக் (இணைப்புப் பெட்டி) வாங்கினேன். நிறுவனம் கொடுத்த விண்டோஸ் லேப்டாப்பில் படம் வருகிறது, ஆனால் பெரிய மானிட்டரில் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. ஸ்கூடாயில் படிக்கும் என் மகளின் எம்1 மேக்புக் ஏரில் அதே டாக்கைச் செருகினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். டாக் கெட்டுவிட்டதா? ஆயிரம் ரிங்கிட் டாக் வாங்கினால் சரியாகுமா? எங்கள் பக்கம் இடிமழை அதிகம். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மாட்டி வைப்பது ஆபத்தா?
– வாசகி, கோத்தா திங்கி

பதில்: உங்கள் டாக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் இரண்டையும் லேப்டாப்பிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும். ஆயிரம் ரிங்கிட்டை எடுத்து வைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வேலைக்குப் புது டாக்கே தேவைப்படாமல் போகலாம்.

டாக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1992இல் ஆப்பிள் டுயோ டாக் என்று ஒன்றை வெளியிட்டது. மடிக்கணினியை மூடி முழுவதுமாக அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். மானிட்டருக்கான பட நினைவகமும் கூடுதல் அட்டைகள் செருகும் இடமும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. இன்று கைக்குள் அடங்கும் விலை குறைந்த டாக்கில் அப்படி எதுவும் கிடையாது. படத்தை உருவாக்குவது லேப்டாப்பின் கிராபிக்ஸ் பகுதி. யூ.எஸ்.பி. சி துளை வழியாக வெளியே வரும் அந்தப் படத்தை டாக் பிரித்து மானிட்டர்களுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். லேப்டாப் அனுப்பாத படத்தை அதனால் காட்ட முடியாது.

முதலில் உங்கள் மவுஸ். யூ.எஸ்.பி. சி வயருக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு உண்டு. 2014இல் வந்த ஏற்பாட்டின்படி அந்தத் தடங்களில் டிஸ்பிளேபோர்ட் படத்தையும் அனுப்பலாம். பென்டிரைவ், இணைய வயர் எல்லாம் வேகமாக ஓடட்டும் என்று பெரும்பாலான சிறிய டாக்குகள் இரண்டு தடத்தைத் தரவுக்கு ஒதுக்கிவிடுகின்றன. படத்துக்கு மீதி இரண்டுதான். டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டு தடமும் சேர்ந்து விநாடிக்கு 8.64 கிகாபிட் சுமக்கும். உங்கள் 24 அங்குல மானிட்டர் சாதாரண 1080 வகையாக இருந்தால், அது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க ஏறக்குறைய 3.3 கிகாபிட் போதும். 4கே மானிட்டர் அதே 60 முறைக்கு 12.5 கிகாபிட்டுக்கு மேல் கேட்கும். அந்த வழியில் அதற்கு இடமில்லை. எனவே 30 முறைக்கு இறங்கிவிடுகிறது, இரண்டும் சேர்ந்து ஓடப் பழைய மானிட்டரும் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கலாம். எழுத்து தெளிவாகத்தான் தெரியும். மவுஸை நகர்த்தும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் மட்டும் திக்கும். நீங்கள் பார்ப்பது இதுவாகத்தான் இருக்கும். உறுதி செய்துகொள்ள விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே பகுதிக்குள் போய், மேம்பட்ட டிஸ்பிளே என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பெரிய மானிட்டருக்கு நேரே 30 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 30 முறை) என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். டாக்கின் எச்.டி.எம்.ஐ. துளையே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காத வகையாகவும் இருக்கலாம். வாங்கிய பெட்டியில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள்.

இதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. அலுவலக லேப்டாப்புகள் பலவற்றில் பக்கவாட்டில் தனியாக ஓர் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். பெரிய மானிட்டரை டாக்கிலிருந்து கழற்றி நேராக அந்தத் துளையில் மாட்டுங்கள். பழைய மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் எல்லாம் டாக்கிலேயே இருக்கட்டும். லேப்டாப்பின் துளை எச்.டி.எம்.ஐ. 2.0 வகை என்றால் 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடும். பழைய 1.4 வகை என்றால் 4கேயில் 30தான் வரும். அப்போது அந்த மானிட்டரின் தெளிவை 2560க்கு 1440 என்று குறைத்து 60 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். கணக்குப் பார்ப்பவருக்கு மிகக் கூர்மையான எழுத்தைவிடத் திக்காமல் உருளும் பக்கம்தான் நாள் முழுக்கக் கண்ணுக்கு இதம் என்பது என் கருத்து. ஒரு வயருக்குப் பதில் இரண்டு வயர் மாட்ட வேண்டும். ஆயிரம் ரிங்கிட்டை மிச்சப்படுத்த அது பெரிய சிரமமா?

உங்கள் டாக்கில் படம் வருவதால் உங்கள் லேப்டாப்பின் யூ.எஸ்.பி. சி துளை படம் அனுப்பக்கூடியது என்று தெரிகிறது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஒரே வடிவத் துளை சில லேப்டாப்பில் தரவை மட்டும் அனுப்பும், சிலவற்றில் சார்ஜும் ஏற்றும், சிலவற்றில் படமும் அனுப்பும். துளையின் பக்கத்தில் அம்பு முனை கொண்ட மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், எல்லாம் செய்யும். டிஸ்பிளேபோர்ட்டின் சின்னம் இருந்தால் படம் வரும். குறியே இல்லாவிட்டால் லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து விவரப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் டாக் வாங்க வேண்டும். வயரிலும் இதே சிக்கல் உண்டு. கைப்பேசி சார்ஜருடன் வரும் சி வயர்கள் பலவற்றில் அதிவேகத் தடங்களே கிடையாது. சார்ஜ் ஏறும், படம் வராது. டாக்குடன் வந்த வயரை வேறு வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மகளின் மேக்புக். இங்கே இரண்டு தடைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர், தன் திரையைத் தவிர வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் தாங்கும். ஆப்பிளே அப்படித்தான் அறிவித்திருக்கிறது. அதோடு, ஒரே டிஸ்பிளேபோர்ட் இணைப்பில் பல மானிட்டருக்கு வேறு வேறு படம் அனுப்பும் எம்.எஸ்.டி. என்ற முறையை விண்டோஸ் ஏற்கிறது. மேக் இயங்குதளம் அதை அந்த விதத்தில் பயன்படுத்துவதில்லை. உங்கள் டாக் அந்த முறையில் இயங்குவதால்தான் மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் தெரிகிறது. ஆயிரம் ரிங்கிட் கொடுத்துத் தண்டர்போல்ட் டாக் வாங்கி அந்த எம்1 ஏரில் மாட்டினாலும் ஒரு மானிட்டர்தான் கிடைக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன். பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எம்2 ஏரிலும் இதே கதை. 2024இல் வந்த எம்3 ஏர், மூடி வைத்தால் இரண்டு மானிட்டர் தாங்கும். 2025இல் வந்த எம்4 ஏருக்குத்தான் திறந்து வைத்தபடியே வெளியே இரண்டு மானிட்டர் சாத்தியமானது.

எம்1இலேயே இரண்டு மானிட்டர் வேண்டும் என்று மகள் கேட்டால் டிஸ்பிளேலிங்க் சில்லு உள்ள டாக் ஒரு வழி. லேப்டாப்பில் நிறுவும் ஒரு மென்பொருள் திரையில் உள்ளதைச் சுருக்கிச் சாதாரணத் தரவாக யூ.எஸ்.பி. வழியே அனுப்புகிறது, டாக்கில் உள்ள சில்லு அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. ஆப்பிளின் வரம்பு இதைத் தடுப்பதில்லை. கட்டுரை எழுத, பாடம் படிக்க, அட்டவணை பார்க்க இது போதும். குறையும் உண்டு. மேக்கில் திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அந்த மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். அது ஓடும்போது நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் பாதுகாக்கப்பட்ட படங்கள் கறுப்பாகிவிடலாம். காணொளி தொகுக்கவும் விளையாடவும் ஏற்றதல்ல. உங்கள் அலுவலக லேப்டாப்பில் இந்த மென்பொருளை நிறுவ நினைத்தால் நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் முதலில் கேளுங்கள். கணக்கு விவரங்கள் இருக்கும் கருவியில் நாமாக எதையும் ஏற்றக் கூடாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: லேப்டாப் சார்ஜரை டாக்கில் செருகி அதன் வழியே சார்ஜ் ஏற்றினால், டாக் தன் தேவைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். 65 வாட் சார்ஜர் என்றால் லேப்டாப்புக்கு அது முழுதாகப் போய்ச் சேராது. மெதுவாக சார்ஜ் ஆகிறது என்று அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். டாக் தொட்டால் சூடாக இருப்பதும் இயல்புதான். மோடத்தின் மேல் அடுக்கி வைக்காமல் காற்றுப் படும்படி வையுங்கள்.

இடியைப் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. டாக் என்ற பெட்டியால் ஆபத்து வருவதில்லை. அதில் சேரும் வயர்களால் வருகிறது. லேப்டாப், இரண்டு மானிட்டர், இணைய வயர் எல்லாம் இப்போது ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒரு மானிட்டரின் பிளக் வழியாக நுழையும் மின்னழுத்த எகிறல் எச்.டி.எம்.ஐ. வயரில் ஏறி டாக்கைத் தாண்டி லேப்டாப் வரை போகலாம். லேப்டாப்பின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான். எல்லா அடாப்டரையும் எகிறல் தடுப்பு உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டி, மேகம் கறுக்கும்போதே அதன் மூன்று பின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கூடவே லேப்டாப்பிலிருந்து டாக் வயரையும் பெரிய மானிட்டரின் எச்.டி.எம்.ஐ. வயரையும் கழற்றிவிட்டால் பேட்டரியிலேயே வேலையைத் தொடரலாம். எகிறல் தடுப்புப் பலகைக்கு வீட்டின் எர்த் இணைப்பு சரியாக இருப்பது முக்கியம். பழைய வீடு என்றால் பதிவு பெற்ற மின் பணியாளரைக் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். டாக்குக்குத் தனி அடாப்டர் வந்தால் அதில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பின் பிளக்கோடு வரும் மலிவு அடாப்டரை மாற்றுப் பிளக் போட்டு நாள் முழுதும் ஓட விடாதீர்கள்.

ஜொகூர் ஆற்றின் கரை ஊரில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி பட்ட பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீட்டிப்புப் பலகையையும் அடாப்டர்களையும் மேசைக்கடியில் தரையில் போடாமல் மேசைக் காலிலோ சுவரிலோ உயரே பொருத்துங்கள்.

எச்.டி.எம்.ஐ. வழியை இன்றே செய்து பாருங்கள். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லை என்றாலோ, செய்தும் திக்கல் போகவில்லை என்றாலோ, லேப்டாப்பின் மாடல் எண்ணையும் டாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். எந்த வகை டாக் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.