பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறீர்களா?

தக்கலைக்குப் பக்கத்தில் கற்கோட்டைக்குள் இருக்கிறது இந்த மரக் கொட்டாரம். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மரக் கட்டடம் என்பதால் இதைப் பார்ப்பதற்குப் பொறுமையும் கவனமும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

• திங்கட்கிழமை விடுமுறை, மதியம் 1 முதல் 2 மணிவரை இடைவேளை. அதனால் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் முற்றத்துக் கல் காலைச் சுடும்.

• முகப்பு மண்டபமான பூமுகத்தில் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரை முழுக்கப் பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் விட்டுவிடாதீர்கள். மாடியில்தான் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை.

• தரையையும் கவனியுங்கள். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த தளம் என்பார்கள். இன்றும் கறுப்பாகப் பளபளக்கிறது.

• வளாகத்தில் மிகப் பழையது தாய்க் கொட்டாரம். அங்குள்ள பலாமரத் தூணின் செதுக்கு வேலையை நின்று பாருங்கள்.

• திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கும் போங்கள். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே பயிற்சி தந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• மன்னரின் மூலிகை மரக் கட்டிலைத் தொடாதீர்கள். தூணிலும் சுவரிலும் பெயர் கீறாதீர்கள்.

• கைபேசியைப் பார்த்தபடி நடக்காதீர்கள். நிலைப்படிகள் தாழ்வு, மாடிப்படிகள் குறுகல், தலை பத்திரம்.

• உப்பரிகை மாளிகையின் மேல்தளம் பூட்டியிருந்தால் காவலரோடு வாதாடாதீர்கள். அங்குள்ள சுவரோவியங்களைக் காக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு.

• ‘மணிச்சித்ரத்தாழ்’ மலையாளப் படமெடுத்த இடம் எது என்று தேடுவதிலேயே நேரத்தைக் கழிக்காதீர்கள்.

• நவராத்திரிக்கு முன் இங்கிருந்து சரஸ்வதி சிலை திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் ஆற அமரச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அன்று ஊர்வலத்தைப் பாருங்கள். அரண்மனையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

• கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்தைப் பிடிக்க வேண்டும் என்று இங்கே ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். கடல் நாளைக்கும் இருக்கும். இந்த மர வேலைப்பாடு இன்னும் பல தலைமுறைக்கு இருப்பது, வந்துபோகிற நம் கையில் இருக்கிறது.