விபத்துல அடிபட்டா வக்கீல் செலவுக்கு என்ன பண்றது?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில கண்டெய்னர் லாரி மோதி ஒருத்தருக்குக் கை போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. "வக்கீலுக்குக் காசு ஏது?"ன்னு, கொடுத்ததை வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடக் கூடாது.

1987-ம் வருஷ சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-ன்படி மாற்றுத்திறனாளிகள், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க, 15100-க்கும் கூப்பிடலாம்.

அடுத்தது இழப்பீட்டுக் கணக்கு. ஊனச் சான்றிதழ்ல இருக்கிற சதவீதம் வேற, வருமான இழப்பு வேற. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல (2010) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஒரு கை போனா டிரைவருக்குப் பிழைப்பே போகும். கிளார்க்குக்கு வேலை நிலைக்கலாம்.

அதனால சம்பள ஸ்லிப், வேலை விவரம், ஆஸ்பத்திரி பில் எல்லாத்தையும் பத்திரமா வையுங்க. விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துல மனு போட்டுடுங்க.