மூக்கைத் திருத்த முன்னர்

ரொறன்ரோவில் முகத்துக்கான அழகுச் சத்திரசிகிச்சை செய்யும் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். வைத்தியரைப் பார்க்க முன்னர் வருபவர்களோடு இருந்து கதைப்பதும், எல்லாம் முடிந்த பிறகு அவர்களிடம் திருப்தி பற்றிய வினாத்தாளை நிரப்பி வாங்குவதும் என் பொறுப்பு. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமிருந்து எங்கள் ஆட்களும் வருகிறார்கள். இளையவர்கள் மூக்குக்கு, ஐம்பது தாண்டியவர்கள் கண் இமைக்கும் கழுத்துக்கும்.

அந்த வினாத்தாளின் பெயர் ஃபேஸ்-கியூ. ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆன் கிளாசன், சத்திரசிகிச்சை நிபுணர் ஆண்ட்ரியா புசிக் போன்றோர் நோயாளிகளிடமே கேட்டுக் கேட்டு உருவாக்கியது. மூக்கு பிடித்திருக்கிறதா என்று மொத்தமாகக் கேட்டு அது விடுவதில்லை. அடியில் எவ்வளவு அகலம், மூக்குக்கண்ணாடி தங்கும் தண்டு எப்படி, படத்தில் எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். விடைகள் 0 முதல் 100 வரையான புள்ளியாக மாறும். சிகிச்சையை யோசிப்பவர்கள் அதே முறையில் எழுதிப் பாருங்கள்: எந்த இடம், என்ன குறை, எவ்வளவு காலமாக. "தண்டில் உள்ள மேடு, பள்ளிக்கூட நாளிலிருந்தே" என்று எழுதத் தெரிந்தவர்கள் அநேகமாகச் சந்தோஷமாகத்தான் திரும்பிப் போகிறார்கள். "முகமே பிடிக்கவில்லை" என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஹோனிக்மன், பிலிப்ஸ், காசில் மூவரும் 2004இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குத் திருப்தி. மிகச் சிறிய குறைக்காக வந்தவர்கள், நடக்காததை எதிர்பார்த்தவர்கள், ஓர் உறவைக் காப்பாற்ற வந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், தோற்றத்தில் இல்லாத குறையை நாள் முழுதும் நினைத்து வதைபடுபவர்கள் ஆகியோருக்குத்தான் மனக்குறை மிஞ்சுகிறது. கடைசியாகச் சொன்னது ஒரு மனநோய். அதற்குக் கத்தி வைத்தியமாகாது, மனநல மருத்துவம் இருக்கிறது.

எங்கள் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு தாயும் மகளும் வந்தார்கள். "கலியாணம் பேசுறம். மூக்குக் கொஞ்சம் சின்னனா வந்தா நல்லம்," என்றார் தாய். மகள் வாயே திறக்கவில்லை. தாயைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். "அன்ரி, இது அப்பம்மான்ர மூக்கு. எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் மூச்சு அடைக்கிறதுதான் கரைச்சல்," என்றாள் பிள்ளை. மூக்கின் உள்தட்டு வளைந்திருந்தால் அதைத் திருத்துவது மருத்துவத் தேவை. அதற்கு ஒன்ராறியோ அரச காப்புறுதி இருக்கிறது. குடும்ப வைத்தியரிடம் போய் காது, மூக்கு, தொண்டை நிபுணரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். வெளித்தோற்றத்துக்காக மட்டும் செய்வதென்றால் முழுச் செலவும் உங்களுடையது, 13 சதவீத விற்பனை வரியும் சேரும். ஆகவே முதல் சந்திப்புக்குத் தனியே வாருங்கள். கூட்டி வருபவரின் ஆசை எது, உங்களுடைய ஆசை எது என்பது அப்போதுதான் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

செல்ஃபியைக் காட்டி மூக்கு அகலம் என்று சொல்ல வேண்டாம். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று போரிஸ் பாஸ்கோவர் குழு 2018இல் கணக்கிட்டுக் காட்டியது. வேறொருவரை 5 அடி தள்ளி நின்று உங்களைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

முதுமையைக் குறைக்க வருபவர்கள் எங்கள் நகரத்து ஆய்வுகள் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. ரொறன்ரோ சத்திரசிகிச்சை நிபுணர் பீற்றர் அடம்சன் இரண்டிலும் பங்குகொண்டவர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை, அந்த முகங்களைத் தெரியாதவர்களிடம் காட்டி வயது கேட்டார்கள். 2012இல் வந்த முதல் ஆய்வில் 60 பேரின் தோற்றம் சராசரியாக 7.2 வயது குறைந்தது. 2013இல் வந்த அடுத்ததில் 49 பேர், 3.1 வயதுதான் குறைந்தது. அழகுக்குப் பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பீடு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. என்னிடம் கேட்டால் மூன்று வயதை நம்பி வாருங்கள் என்பேன்.

யார் செய்கிறார் என்பதில் கண்டிப்பாக இருங்கள். 2007இல் இந்த நகரில் குடும்ப வைத்தியர் ஒருவரிடம் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட இளம்பெண் இறந்தபின்தான் ஒன்ராறியோவில் விதிகள் இறுகின. வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ மருத்துவர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் வைத்தியரின் பெயரைத் தேடினால் அவரது சிறப்புப் பயிற்சியும், ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அதுவும் தெரியும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

கலியாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது வருபவர்களை நான் திருப்பி அனுப்பப் பார்ப்பேன். மூக்கு நுனியின் வீக்கம் முற்றாக வடிய ஒரு வருடமாவது செல்லும், தடித்த தோல் உள்ளவர்களுக்கு இன்னும் கூட. காயம் தடித்துத் தழும்பாகும் வழக்கம் குடும்பத்தில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியரிடம் முன்-பின் படங்கள் கேட்கும்போது உங்கள் நிறமும் தோலும் உள்ளவர்களின் படங்களை, அதுவும் ஒரு வருடம் கழித்து எடுத்தவற்றைக் கேளுங்கள்.