தள்ளுபடியும் கண்களின் இச்சையும்

வேத பாடம்: யோசுவா 7:16-26, நீதிமொழிகள் 20:14



ஆடி மாதத்தில் கல்யாணங்கள் குறைவு. துணி வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வருமுன் பழைய சரக்கைத் தள்ளத்தான் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். சென்னை ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிராது. விசுவாசிகளும் போகிறோம். மலிவாக வாங்குவது பாவமா? இல்லவே இல்லை. நீதிமொழிகள் 31-ல் வரும் குணசாலியான ஸ்திரீ வியாபாரம் தெரிந்தவள்தானே! ஆனாலும் மூன்றைச் சோதித்துப் பார்ப்போம்.

1. கணக்கு: 800 ரூபாய் சேலை 400-க்குக் கிடைத்தால், "400 மிச்சம், சிஸ்டர்!" என்கிறோம். உடுத்தாத சேலை வீட்டில் பத்து இருந்தால் மிச்சம் ஏது? 400 கையைவிட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

2. கண்: ஆகானை விழத்தள்ளியது ஒரு பாபிலோனிய சால்வை. பார்வையில் தொடங்கியது, கூடாரத்துக்குள் புதைப்பதில் முடிந்தது. நாம் காசு கொடுத்தே வாங்குகிறோம். ஆனால் புருஷனுக்குத் தெரியாமல் பீரோவுக்குள் ஒளிக்கிற புடவையும், மனைவியிடம் பாதி விலை சொல்கிற சட்டையும் எந்த வழி?

3. நாவு: மட்டம்தட்டி வாங்கிவிட்டு, அப்புறம் பெருமையடிக்கிறவனைச் சாலொமோன் காட்டுகிறார். பெரிய கடையில் கேட்டதைப் பேசாமல் கொடுக்கிறோம். வெயிலில் நிற்கிற நடைபாதை அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். இது சாட்சியா?

கடைக்குப் போகுமுன் பீரோவைத் திறந்து பாருங்கள். லூக்கா 3:11-ஐ வாசியுங்கள். இல்லாதவருக்கு ஒன்றை எடுத்து வையுங்கள். போதுமென்கிற மனதைக் கர்த்தர் தாமே நமக்குத் தருவாராக. ஆமென்.